வயசுக்கு மீறின கோழிக்குஞ்சு

எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஒருவராவது இருப்பார், உங்கள் தெருவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வயசுக்கு மீறின வளர்ச்சிக்காரர். வளர்வது அவரல்ல, அவர் வீட்டில் எது வளர்கிறதோ அது. பிள்ளை, பேரன், முருங்கைக் கன்று, எதுவானாலும் சரி, அக்கம்பக்கத்தில் இருப்பதைவிட முன்னாடியே பல் முளைத்து, பூ விட்டு, பரீட்சை எழுதி பாஸாகிவிடும். இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமா? காட்டூருக்கு வாருங்கள், சவரிநாதனைக் காட்டுகிறேன்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே பட்டறை ஆபீஸில் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து முரளிதரன் அவருடைய உயிர் நண்பர். அதாவது பரம வைரி. பையன்கள் குப்புற விழுந்த நாளில் தொடங்கிய போட்டி, பல், நடை, ரேங்க், வேலை, கல்யாணம், அமெரிக்கா என்று ஓடி, ஒருநாள் சப்பென்று நின்றுபோனது. இனி அந்தப் பையன்களுக்குக் கொட்ட வேண்டியது தலைமுடிதான். அதில் யார் முந்தினால் என்ன பெருமை?

அந்தச் சமயத்தில்தான் சவரிநாதன் துறையூர் சந்தையிலிருந்து, பொரித்து ஒரு நாளான நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்தார். அதே வாரம் முரளிதரன் வீட்டுக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் ஒரு குஞ்சு பொரித்தது. விடுவார்களா?

"முரளி சார், நம்ம குஞ்சு வந்த அன்னிக்கே ஓடுது, தானாக் கொத்தித் திங்குது. உங்களுது?"

"இன்னும் கண்ணே திறக்கலை சவரி. ஒடம்புல பொட்டு முடி கிடையாது."

"அடடா! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

கேட்ட குரலில்தான் என்ன கரிசனம்! கோழிக்குஞ்சு கண்ணைத் திறந்துகொண்டேதான் வெளியே வரும், லவ் பேர்ட்ஸ் குஞ்சு கண் திறக்கப் பத்து நாளாவது ஆகும் என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் போட்டி நிற்குமா? முதல் வாரம் இறக்கை எட்டிப் பார்த்தது, பிறகு வால், பிறகு கழுத்தில் செவ்வரி என்று தினமும் காலையில் போன் போட்டு, "வயசுக்கு மீறின வளர்ச்சி சார்!" என்று சவரிநாதன் அளந்து தள்ளினார். முரளிதரன் 'ம்' கொட்டினார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் வெறும் 'ம்' கொட்டியதில் சவரிநாதனுக்கு இரண்டு இட்லி கூடுதலாகவே இறங்கியது.

நாலாம் வாரம் விழுந்தது இடி.

"சவரி, எங்காத்துக் குழந்தை றெக்கையைப் படபடன்னு அடிச்சுக்கறது. இன்னிக்கோ நாளைக்கோ பறந்துடும். ஒங்களோடது எப்போ பறக்கும்?"

பறக்கிறதா? கோழியா? ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா? "இந்த ஞாயித்துக்கிழமையே பறந்துடும் சார், வந்து பாருங்க!" என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை குஞ்சு பறக்காவிட்டால், 'வளர்ச்சி கம்மி' என்ற பேச்சைச் சாகிறவரை கேட்க வேண்டுமே!

ஆரம்பமானது டிரெயினிங். ஸ்டூல் மேல் குஞ்சை நிறுத்தி, எதிரே மதில் மேல் கம்பைத் தூவி, இரண்டு கைகளையும் விரித்து அடித்து அவரே செய்து காட்டினார். குஞ்சு அவரையே உற்றுப் பார்த்துவிட்டுத் தொப்பென்று கீழே குதித்து, மண்ணைக் கிளறப் போய்விட்டது. அவர் மனைவி வியாகுலம்மாள் வாசலுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, தெருவே வேடிக்கை பாக்குது! அது கோழிங்க!"

"கோழி கோழின்னு சொல்லி அது மனச ஒடைக்காத வியாகுலம்!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முரளிதரன் வரவில்லை, போன்தான் வந்தது. மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

"கூண்டைச் சுத்தம் பண்ணலாம்னு திறந்தேன் சவரி. பறந்துடுத்து. மொட்டை மாடியெல்லாம் தேடிட்டேன், காணோம்."

சவரிநாதனுக்கு நெஞ்சு கனத்தது, சத்தியமாகக் கனத்தது. "அழாதீங்க சார், பசிச்சா வந்துடும்" என்று தேற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆமா, அஞ்சு வாரம் ஆயிடுச்சா அதுக்கு?"

அழுகை சட்டென்று நின்றது. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நாலரைதான்! வழக்கமா அஞ்சு வாரம் ஆகும். வயசுக்கு மீறின வளர்ச்சி சவரி!"

சவரிநாதன் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். செவ்வந்தித் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது குஞ்சு.

"நீயும் இருக்கியே!" என்றார் ஆற்றாமையோடு. "அவங்க வீட்டுக் குஞ்சைப் பாரு. உனக்கெல்லாம் வீட்டை விட்டு ஓடிப் போகக்கூடத் துப்பில்ல!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம்: உங்கள் பேத்தி எத்தனையாவது மாதத்தில் நடந்தாள் என்று நான் கேட்கவே இல்லையே, அதற்குள் எதற்கு வாயைத் திறக்கிறீர்கள்?