எங்கள் பிளாட்டைக் காயவைத்த இமெயில்

புதிதாக வருகிற எந்தச் சாதனமும் ஊரில் முதலில் ஒரு அசட்டைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் கடைசியில் பினாங்குக்கு இன்டர்நெட் வந்தபோது, ஜெலுத்தோங் வட்டாரத்துக்கு அது என்னைத்தான் தேர்ந்தெடுத்தது.

அப்போது நான் டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே இமெயில் இருந்தது. எங்கள் பிளாட்டில், அந்த அடுக்குமாடி முழுக்க, வேறு யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் நான் வாயைத் திறந்தாலே ரேடியோ செய்தி மாதிரி எல்லாரும் கேட்டார்கள். (எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.)

அக்கா மாலதிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் சமையல், சாப்பாடு எல்லாம். மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, காப்பி தாமதமாக வந்ததற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்றவராம். அம்மா ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அந்த இமெயில் வந்தது. நாளை முதல் மூன்று நாளைக்குத் தண்ணீர் வராது, எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரிசையாக அம்புக்குறிகள். கை மாற மாற அந்த அம்புகள் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை பேர் பார்த்துச் சரி என்று டிக் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அச்சடித்து, பிரதி எடுத்து, பிளாட்டுக்கு வந்ததும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

அப்புறம் என்ன! வாளி, அண்டா, சோற்றுப்பானை, குழந்தை குளிக்கிற பேசின் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பிடித்தார்கள். எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் குழாய் திறந்தால் மொட்டை மாடித் தொட்டி என்ன செய்யும்? அது காலியானது. தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப்பும் கருகிப்போனது.

ஞாயிறு காலை எங்கள் பிளாட்டுக் குழாய்களில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டில் பிடித்து வைத்தது விருந்துச் சமையலுக்கு எந்த மூலைக்கு? பக்கத்து பிளாட்டில் ஒருவர் ஆற அமரக் கார் கழுவிக்கொண்டிருந்தார். விசாரித்தால், அந்த இமெயில் வேறு மாநிலத்துச் சங்கதியாம். வழியில் யாரோ ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்.

அம்மா கத்தக்கூட இல்லை. “உங்க அக்கா வாழ்க்கையே போச்சுடி” என்று உட்கார்ந்துவிட்டார். (அன்று என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.) மண்டபத்தில் சமையல்கார அண்ணன் கழுவாத அரிசியைப் பார்த்தபடி நின்றார்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம் வேறு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் என் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, “மக்களுக்குத் தண்ணி இல்ல, பாத்தீங்களா!” என்று முழங்கினார். ஆளுங்கட்சிக்காரர் அதே காகிதத்தைக் காட்டி, “நாங்கதான் முன்கூட்டியே சொல்லிட்டோம்லா!” என்று பெருமைப்பட்டார். இரண்டு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்தவர் இல்லை.

அக்கா அறைக்குள் பட்டுப்புடவையோடு அழுதுகொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் மேல் மாடி மக்சிக்கின் கதவைத் தட்டினேன். மலாய்க்காரர். மக்சிக் என்றால் மலாயில் அத்தை; எங்கள் பிளாட்டுக்கே அவர் பெரியம்மா மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய், நிரம்பிய சிவப்பு வாளியோடு வந்தார். படிக்கட்டில் நின்று மேலும் கீழும் பார்த்து, “மாலதி வீட்டுக்குத் தண்ணீர் வேணும்!” என்று மலாயில் ஒரு சத்தம் போட்டார்.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி குழந்தை குளிக்கிற பேசினோடு வந்தார். என்னால் வந்த கஷ்டத்தை எனக்காகவே சுமந்துகொண்டு, ஆளுக்கொரு வாளியாகப் படி இறங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். அம்மா நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“இத்தன பேரு தண்ணி சொமக்கிற அளவுக்கு நல்ல பேரு வாங்கின வீடா?” என்ற சம்பந்தியம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அந்த வாளிய இப்படிக் குடுங்க” என்றார். காப்பி மிகவும் தாமதமாகத்தான் வந்தது. அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

இன்றைக்கும் குடும்பத்தில் விசேஷம் என்றால், அடுப்புப் பற்ற வைக்கும் முன் அத்தான் என்னைக் கூப்பிட்டு, “இமெயில் ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்பார். சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தச் சிவப்பு வாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பம்ப் சரியான அன்றே, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மக்சிக் வாங்கவில்லை.

“நீயே வச்சுக்கோலா” என்றார். “உனக்குத்தான் இன்னும் நிறைய இமெயில் வருமே.”