ஹீலியமும் ரோச் குடும்ப மானமும்

விஞ்ஞானம் விஞ்ஞானிகளால் வளர்கிறது என்று நினைப்பவர்கள் தூத்துக்குடி ரோச் குடும்பத்தை அறியாதவர்கள். விஞ்ஞானம் வளர்வது விஞ்ஞானிகளின் பெரியப்பாக்களால்.

கல்லூரிச் செயலர் அலோசியஸ் ரோச்சுக்கு எழுபத்தாறு வயது. நாற்காலியில் முதுகு சாய்ப்பதைக்கூடக் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதுபவர். அவருடைய தம்பி மகன் டெரன்ஸ் அதே கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். முன்னோர் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்து, முத்தை வைத்துக்கொண்டு ஓட்டை எறிந்தார்கள். டெரன்ஸோ அந்த ஓட்டைச் சுட்டுப் பொடித்து, பரோட்டாக் கடைப் பழைய எண்ணெயை டீசலாக்கும் வினையூக்கி செய்தார். பொடி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பெரிய காந்தத்தைக் கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் ஆராய்ந்தார். இதற்கு ‘அணுக்காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்’ என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் வினையே முடிந்துவிடும்.

பரம்பரையில் முத்தை விட்டு ஓட்டைப் பிடித்த முதல் ஆள் என்பதால், அவருக்குப் ‘பாராட்டுப் பெருவிழா’ எடுக்கப் பெரியப்பா முடிவு செய்தார்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு டெரன்ஸ் ஒரு கோப்புடன் வந்தார்.

“பெரியப்பா, காந்தத்துக்கு ஹீலியம் ஊத்தணும். சனிக்கிழமைக்கு மேல தாங்காது. ஒரு கையெழுத்து.”

“ஹீலியமா? மாதா கோயில் திருவிழாவுல பலூனுக்கு அடிப்பானே, அதாலே?”

“அதேதான். இது திரவமா இருக்கும். அந்தக் குளிர் இல்லன்னா காந்தம் செத்துரும். பழசு, மறுபடி எழும்பாது.”

“ஏலே, நான் செயலர். நீ என் தம்பி மவன். உனக்குப் பலூன் கேஸுக்குக் கையெழுத்துப் போட்டா ஊர்ல என்ன பேசுவான்? குடும்ப மானம் என்னாவும்?”

“அப்போ யாரு போடணும்?”

“நான்தான் போடணும்.”

“எப்போ?”

“மொதல்ல ஊரே உன்னைப் பாராட்டட்டும். பொறவு போட்டா அது சலுகை இல்லலே, மரியாதை.”

இவ்வளவு நுட்பமான நேர்மைக்கு முன் வேதியியல் என்ன செய்யும்? டெரன்ஸ் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை காலை, ஆய்வகத்தை ஒட்டிய திடலில் விழா. பதினொரு பேர் ‘சிற்றுரை’ ஆற்றினார்கள். பிறகு ‘இரண்டே வார்த்தை’ பேச எழுந்த பெரியப்பா, முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டிலிருந்து தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் துறைமுகம் கட்டும் காலம் வரை வந்துவிட்டார்.

ஆய்வகப் பொறுப்பாளர் எமில்டா மூச்சிரைக்க மேடைக்கு ஓடி வந்தார்.

“சார், காந்தத்துல ஹீலியம் அளவு அடிமட்டத்துல நிக்கு! ஹீலியம் வண்டி வாசலுக்கு வந்துட்டு. கையெழுத்து இல்லாம இறக்க மாட்டேங்கான்!”

டெரன்ஸ் அந்தக் கோப்பைப் பேனாவோடு நீட்டினார். பெரியப்பா அதை வாழ்த்துமடல் என்று எண்ணிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துறைமுகத்தைத் தொடர்ந்து கட்டினார்.

அப்போது ஆய்வகக் கூரைக்குழாய் ‘புஸ்ஸ்’ என்று சீறியது. காந்தத்தில் மிச்சமிருந்த ஹீலியம் மொத்தமும் ஆவியாகி, வெண்மேகமாகப் பனைமர உயரத்துக்கு எழும்பியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எமில்டா மட்டும் தலையில் கைவைத்தார்.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கல்யாண மண்டபத்துலகூட இப்படிப் புகை விட்டுப் பாத்ததில்ல! ஏலே டெரன்ஸு, இது யாரு ஏற்பாடுலே?”

“நீங்கதான் பெரியப்பா.”

நெகிழ்ந்துபோன பெரியப்பா, ஊரார் பார்க்க, அந்த மேடையிலேயே கோப்பில் கையெழுத்திட்டார்.

இன்று அந்தக் காந்தத்தின் மீது ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். வாசகம் டெரன்ஸ் எழுதியது. பெரியப்பா அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. தம் பெயரை மட்டும் பெரிதாக வெட்டச் சொன்னார்:

‘இருபத்தாறு ஆண்டுகள் ஓயாது உழைத்த இக்காந்தம், செயலர் உயர்திரு அலோசியஸ் ரோச் அவர்களின் ஒரே உரையில் நிரந்தர ஓய்வு பெற்றது.’