ஐயாயிரம் மீட்டரில் ஒரு மஞ்சள் குல்லா

நான் பட்டதாரி ஆனதற்குக் காரணம் அறிவு அல்ல, வாந்தி.

கடலூர்ப் பக்கம் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. ஐந்தாவது முடித்த லீவில் அப்பா என்னைப் போட்டில் ஏற்றினார். முகத்துவாரம் தாண்டுவதற்குள் அவர் மடியிலேயே வாந்தி எடுத்தேன். போட்டைத் திருப்பிவிட்டார். "இவன் மேல படிக்கட்டும்" என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் ஆனேன். (தெருவில் எனக்கு 'வாந்தி இன்ஜினியர்' என்று பெயர்.)

அந்தப் பெயரை அழிக்கத்தான் இமயமலை. ஆறாயிரம் மீட்டர் சிகரம், கயிறு வேண்டாம், நடந்தே ஏறலாம் என்றது விளம்பரம். நான் வேலை பார்க்கும் சிதம்பரத்தில் மேடு ஏது? பத்து கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாதம் மாடிப்படி ஏறி இறங்கினேன். ("அரிசி எந்த வூட்டுக்குத் தம்பி?" என்று கீழ்வீட்டு அக்கா தினமும் கேட்பார்.) கிளம்பும்போது அப்பா போட்டில் கட்டியிருந்த கொடியை அவிழ்த்துக் கொடுத்தார். "உச்சியில இத்தப் புடிச்சிக்கினு போட்டோ எடுத்து அனுப்புடா. தெருவுல ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது."

குழுவில் பதிமூன்று பேர். கூடாரத்துக்கு இரண்டு பேர். மிச்சம் நான். மற்றவர்கள் இந்தியில் பேசி இந்தியிலேயே சிரித்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 'டீக் ஹை', அதாவது நலம். வழிகாட்டி தோர்ஜே தினமும் என் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டி ஏதோ கேட்பார். "டீக் ஹை" என்பேன். அன்றைக்கு நான் பேசும் மொத்தப் பேச்சும் அதுதான். அந்த உயரத்தில் வாந்தி வந்தால் ஆபத்து, சொல்ல வேண்டும், உடனே கீழே இறக்கிவிடுவோம் என்பதை மட்டும் அவர் நடித்தே காட்டியிருந்தார். நன்றாகப் புரிந்தது.

புரிந்ததால்தான், கடைசி முகாமில் குமட்டியபோது என் மஞ்சள் குல்லாவுக்குள்ளேயே வாந்தி எடுத்து, கல்லுக்கடியில் புதைத்துவிட்டு வந்தேன்.

காலையில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, முகாம் நாய் அதைக் கவ்விவந்து நடுவில் வைத்தது. தோர்ஜே குல்லாவைப் பார்த்தார். என் வெறும் தலையைப் பார்த்தார்.

"டீக் ஹை?"

"டீக் ஹை" என்று சொல்லி, அவர் ஷூ மேலேயே எடுத்தேன்.

அவர்கள் மேலே போனார்கள். என்னை ஒரு கோவேறு கழுதைக்காரரோடு கீழே இருந்த ஊருக்கு அனுப்பினார்கள். அவர் கழுதையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் நானும் அதுவும்தான். "சாப்ட்டியா?" என்று அதைக் கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லி ஒன்பது நாளாகியிருந்தது.

ஊர்க்கடை போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"உச்சிக்குப் போவலப்பா."

"என்னாடா ஆச்சி?"

"வாந்தி."

"கூட யாரு இருக்கா?"

"ஒரு கழுத."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

நான் சிரிப்பேன் என்று நினைத்தார். அழுதுவிட்டேன். அலைச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

"எனுக்கும் மொத வருசம் பூரா வாந்திதான்டா. எறக்கி வுடத்தான் ஆளில்ல."

கொடி மறுபடி போட்டில் பறக்கிறது. நடந்ததை நானே சொல்லிவிட்டதால், தெருவில் எனக்கு இப்போது 'டீக் ஹை' என்று பெயர். சிதம்பரம் அறையிலிருந்து போன் செய்தால் அப்பா, "எப்பிடிடா இருக்க?" என்பார். நல்லா இருக்கேன் என்றால் விட்டுவிடுவார். "டீக் ஹைப்பா" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கையில் ஒரு காலி பிளாஸ்டிக் கவரோடு வாசலில் வந்து நிற்பார்.