முப்பத்தெட்டுத் தோல்விகளுக்கு ஒரு நற்சான்றிதழ்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். உன் அண்ணி நான்கு நாளாக என்னோடு பேசாததால் (காரணம் கீழே வருகிறது) அவள் நலத்தை மட்டும் யூகித்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா?

என் மகளின் கம்பெனி உனக்குத் தெரியும். சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை, நான்கு பேர், லிஃப்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டே அது எப்போது பழுதாகும் என்று சொல்லும் சாஃப்ட்வேர். யாருக்கும் விடை தெரியாத ஒன்றைத் தேடி சாஃப்ட்வேர் எழுதினால் ஆராய்ச்சி என்று வரியில் சலுகை தருகிறார்களாம். அது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும், அதில் ஒரு பெண்ணுக்கு இது எட்டாம் மாதம். "இதைக் கொஞ்சம் டைப் பண்ணிக் குடுங்கப்பா" என்று விண்ணப்பத்தை என்னிடம் தந்தாள். நானோ பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதியவன், ஜன்னலை உடைத்தவனையும் ஒழுக்கமானவன் என்றே எழுதி அனுப்பியவன். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் தோல்வி. முயற்சி ஏழு: கீழே சலவை இயந்திரம் சுற்றியதை லிஃப்ட் என்று நினைத்துக்கொண்டது, தோல்வி. முயற்சி பத்தொன்பது: நல்ல லிஃப்டைப் பழுது என்றது, பழுதானதை நல்லது என்றது, தோல்வி. பெற்ற மனம் கேட்குமா? முப்பத்தெட்டையும் தூக்கிவிட்டு, ‘எடுத்த காரியத்தை முதல் முயற்சியிலேயே முடிக்கும் நிறுவனம்’ என்று அடித்துக் கொடுத்தேன். அப்பா அடித்தது என்று அவளும் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

வரி அலுவலகத்தில் இருவரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா இதுல ஆராய்ச்சி எங்க சார் இருக்கு?" என்றார். நான் மகளைப் பார்த்தேன். என் மகள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். "தப்பு எங்களோடதுதான் மேடம், நாங்க முப்பத்தெட்டு தடவை தோத்தோம்" என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றும் ஏன் தோற்றது, அதில் என்ன தெரிந்தது என்று தாளே இல்லாமல் சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "கூட இருந்து பாத்தவங்க யாராவது நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார்.

பார்த்தவன் நான்தான், தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோனவன். ஒருநாள் முழுக்க மகள் பதினோரு மாடி லிஃப்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள், வந்து போட்டுக் கேட்டால் அவளுடைய இருமல் மட்டும்தான் பதிவாகியிருந்தது. நால்வரும் சிரித்தார்கள், மறுநாளும் போனாள். அந்தத் தைரியம் எனக்கு ஆயுசில் ஒருநாளும் இருந்ததில்லை தங்கச்சி. அவள் ஜெயிப்பதைவிட அதுதான் எனக்குப் பெருமை. ஆனால் இதை அதிகாரிக்கு எழுத உட்கார்ந்தால் மூன்று முறையும் நற்சான்றிதழாகவே வந்து நிற்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. அந்த ஆற்றாமையில்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையில் போடும் முன் மகள் இதை எடுத்துப் படித்துவிட்டாள். இருமல் வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள், கேட்டால் சளி என்கிறாள். "அவங்க கேட்டது இதுதாம்பா" என்று அதிகாரிக்கே கொண்டுபோகிறாள். ஆகவே இந்தக் கடிதம் உனக்கு வராது. உனக்கு வேறொன்று எழுதுகிறேன், அதில் உன் அண்ணி என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள்.