என் கோட்டும் மூன்று நாள் பெஷன் வீக்கும்

மூன்று நாட்களுக்கு வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். சாப்பிடத் திறக்கலாம். கொட்டாவி விடலாம். ஆனால் எவ்வளவு அழகான உடுப்பைக் கண்டாலும் "வடிவு" என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வந்துவிடக் கூடாது. வந்தால் என் கோட்டு போய்விடும்.

கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. நானும் என் மனைவி வதனியும் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேர்ந்தோம். சில நாளில் நிவாரண லொறி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு இடுப்பில் கட்ட ஒரு சாரம். பின்னால் நின்றவருக்கு இரண்டு சேர்ட். நடுவில் நின்ற எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு. கடும் நீலம். முழங்காலுக்குக் கீழே வரும். ஏழு பொக்கற். ஒவ்வொரு கையிலும் மூன்று மரப் பொத்தான். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்து மகராசன், பாவம் மட்டக்களப்பானுக்குக் குளிருமே என்று அனுப்பியிருக்கிறார்.

அந்த மாரி மழையில் முகாமில் வதனிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அவளைக் கோட்டுக்குள் சுற்றிப் பக்கத்திலேயே இருந்தேன். பயந்துபோனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கோட்டுத்தான் அவளைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. பனடோல் மாத்திரை என்பது அவள் கட்சி. எப்படியோ, அன்றிலிருந்து அந்தக் கோட்டென்றால் எனக்கு உயிர்.

பிறகு தன்னாமுனையில் வீடு கிடைத்தது. வீட்டில் ஒரே ஒரு அலுமாரி. அதில் பாதியில் என் சேர்ட்டுகள். மற்றப் பாதியில் கறுப்புப் பொலித்தீன் உறை போட்ட கோட்டு. வதனியின் சேலைகள் கட்டிலுக்குக் கீழே, 'நிவாரணம்' என்று அச்சடித்த அட்டைப் பெட்டிக்குள். நுவரெலியாவுக்குப் போகும்போது கோட்டைப் போடலாம் என்றிருந்தேன். போர் நடந்தபோது பாதை சரியில்லை. போர் முடிந்த பிறகு லீவு சரியில்லை. ஒருதரம் வெயிலில் காயப்போட மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனபோது சோதனைச் சாவடியில் மறித்து ஏழு பொக்கற்றையும் துழாவினார்கள். கடைசியில் அந்தச் சிப்பாய் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, வியர்த்து வழியத் திருப்பித் தந்தான். அவனுக்குக்கூட அதன் அருமை தெரிந்தது.

வதனிக்குத் தெரியவில்லை.

"இஞ்சேருங்க, ஆமிக்காரனே புடிச்சு வச்சிருந்த பள்ளிக்கூடத்த விட்டுட்டுப் போயிட்டான். உங்கட கோட்டு மட்டும் என்ட அலுமாரிய விட்டுப் போகுதில்லயே!"

"புளியந்தீவில ஒல்லாந்தன் கோட்டைய விட்டான் புள்ள. நான் என்ட கோட்ட விடமாட்டன்."

"பெரிய ஒல்லாந்தர்! சரி, போட்டாவது தொலைங்களன்."

"சந்தர்ப்பம் வரட்டும்."

"எப்ப? உங்களப் பெட்டிக்குள்ள வச்சுத் தூக்கக்குள்ளயா?"

இப்படி ஐந்தரை வருடம் ஓடியது. நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நேரத்துக்கு வந்ததா, நேரத்துக்குப் போனதா என்று நம்பர் பலகையைப் பார்த்துக் குறிப்பதுதான் என் உத்தியோகம். அதே ஒழுங்கில், தினமும் காலை ஆறு பத்துக்கு அலுமாரியைத் திறப்பேன். உறைக்குக் கீழே கையைவிட்டு மரப் பொத்தான்களைத் தடவிப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருக்கிறது. மூடுவேன். என்னை ஏமாற்றுவதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு செப்டெம்பரில் எங்கள் ஊருக்கும் பெஷன் வீக் வந்தது. வீக் என்றாலும் மூன்று நாள்தான். புளியந்தீவில் வாவிக் கரையோரம் ஒரு மண்டபத்தில். நம்முடைய நெசவு, நம்முடைய தையல், மேடையில் நடப்பதும் நம்முடைய பிள்ளைகள். நான் மூன்று நாளும் லீவு போட்டேன். கலியாணத்துக்கே இரண்டு நாள் லீவு போட்டவன் நான்.

"உங்களுக்கு என்னத்துக்கு பெஷன்?" என்றாள் வதனி.

"உடுப்பப் பத்தித் தெரிஞ்ச ஆள் ஒருத்தனாவது முன் வரிசையில இருக்க வேணாமா? கோட்டு வச்சிருக்கிறவன் இந்த மாவட்டத்தில எத்தின பேர்?"

அப்போது ஏறாவூர் முகைதீன்பாவா வந்து சேர்ந்தான். துணிக்கடைக்காரன். முப்பது வருடச் சிநேகிதன். அவன் மனைவி ஆசியா உம்மாவும் வதனியும் ஒரே மாதர் தையல் சங்கம். வதனி அவனை வாசலிலேயே சாட்சிக்குப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல நேரத்தில வந்தீங்க நானா. கேளுங்க. இவர் மூண்டு நாளும் பெஷன் பாக்கட்டும். அங்க வாற உடுப்பில ஏதாவது ஒண்டு அந்தக் கோட்ட விட வடிவெண்டு இவரே தன்ட வாயால சொன்னா, கோட்டு எனக்கு. சொல்லாட்டி, சாகுமட்டும் நான் அதப்பத்திக் கதைக்கமாட்டன்."

"சொல்லாம இருந்தாக் காணுமா?" என்றேன் நான். இவ்வளவு போதுமா என்று காதை நம்ப முடியவில்லை.

"காணும்."

"மச்சான், யோசிச்சுச் செய்," என்றான் முகைதீன்பாவா.

"இதில என்னடாப்பா யோசிக்கக் கிடக்கு? பந்தயம்!"

சாகுமட்டும் நிம்மதி. அதுவும் சும்மா வாயை மூடியிருப்பதற்கு. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளோ கோபம்கூட இல்லாமல் ஒரு குஷனைக் கொண்டுவந்து தந்தாள். கைத்தறித் துணியில் உறை, நல்ல தடிப்பு.

"பலகைக் கதிரையாம். மூண்டு நாளும் இருந்தா நாரி பிடிச்சிரும். இத வச்சு இருங்க."

தோற்கப்போகிறவளுக்கு எவ்வளவு கரிசனை என்று நெஞ்சு இளகிவிட்டது.

முதல் நாள் சேலைகள். வங்கியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி மாம்பழ மஞ்சளில் கறுப்புக் கரை போட்ட சேலையோடு நடந்து வந்தாள். மண்டபமே "ஆ" என்றது. என் தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. பொக்கற்றில் இருந்த லேஞ்சியை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

"எப்பிடி மச்சான்?" என்றான் முகைதீன்பாவா.

"பரவால்ல."

"அவ்வளவுதானா?"

"ஒள்ளுப்பம் பரவால்ல."

இரண்டாம் நாள் சாரங்கள். எங்கள் டிப்போக் கண்டக்டர் கோணாமலை பச்சைக் கட்டம் போட்ட சாரத்தோடு, தலையை நிமிர்த்தி ராசா மாதிரி வந்தான். முன்னால் போனவன் மேடை நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டான். கோணாமலை பழக்கதோஷத்தில், "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, இடமிருக்கு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பதற்குப் பந்தயத்தில் தடையில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு சனம் இப்படி ஓர் இடத்தில் கூடி, யாருக்கும் பயப்படாமல் சிரித்ததைக் கேட்டு எனக்கு ஆகலும் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்குப் போய் வதனியிடமும் சொன்னேன். ஆனால் வடிவென்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு பத்து. ஒன்று, இரண்டு, மூன்று. பொத்தான் எல்லாம் சரி. "இன்னும் ஒரு பின்னேரம்தான்," என்று கோட்டின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அன்று மாதர் சங்கங்களின் போட்டி. பழைய உடுப்பில் புது உடுப்பு. வதனியும் ஆசியா உம்மாவும் மேடைக்குப் பின்னால். பரிசு ஒரு தையல் மெஷின். பார்வையாளரின் கைதட்டலை வைத்துத்தான் தீர்ப்பு. திரைச்சீலையிலும் சீனிச் சாக்கிலும் தைத்ததெல்லாம் வந்துபோயின. எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. வெற்றிக்கு இன்னும் கால் மணித்தியாலம்.

அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அஜந்தா டீச்சர் வந்தாள்.

சிவப்புக் கைத்தறிச் சேலை. அதற்கு மேலே இடுப்பு வரைக்கும் ஒரு கையில்லாச் சட்டை. இரவு வானத்தைப் போல நீலம். விளிம்பெல்லாம் அதே சிவப்பில் பின்னல். தேங்காய்ச் சிரட்டையில் தேய்த்தெடுத்த பொத்தான்கள். வாவிக் காற்று யன்னலால் வந்து சேலைத் தலைப்பைத் தூக்க, அவள் மேடை நுனியில் நின்று திரும்பினாள். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. எழும்பி நின்றுவிட்டேன். விசிலடித்தேன். குஷனைத் தூக்கித் தலைக்கு மேலே சுழற்றினேன். என்னைப் பார்த்துப் பின் வரிசையும் எழும்பியது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

அறிவிப்பாளர் ஓடிவந்து மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஐயா ஆகலும் ரசிக்கிறீங்க! என்ன நினைக்கிறீங்க?"

"தம்பி, என்னட்ட ஒரு கோட்டு இருக்கு. வெளிநாட்டுக் கோட்டு. அத விட வடிவா ஒண்டும் உலகத்தில இல்லையெண்டு இருந்தன். இண்டைக்குச் சொல்றன், இந்தச் சட்டைதான் வடிவு! என்ட கோட்டு இதுக்குக் கிட்ட நிக்க ஏலாது!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. முகைதீன்பாவா மெல்லத் தலையைக் குனிந்தான்.

"சாட்சி வேணுமெண்டு இல்ல மச்சான். ஊரே கேட்டுட்டுது."

மேடைத் திரை ஒரு சாண் விலகியது. வதனியின் முகம் தெரிந்தது. சிரிப்பும் தெரிந்தது. அறிவிப்பாளர் கையிலிருந்த தாளை வாசித்தார்.

"முதற் பரிசு தன்னாமுனை மாதர் தையல் சங்கத்துக்கு! இந்தச் சட்டை, சுனாமி நிவாரணத்தில் கிடைத்த ஒரு கம்பளிக் கோட்டில் தைக்கப்பட்டது. அதை முழு மனதோடு வழங்கியவர், நம்முடைய டைம் கீப்பர் திரு. இளையதம்பி அவர்கள்!"

சனம் மறுபடியும் தட்டியது. நான் கும்பிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்கு ஓடினேன். உறையைக் கிழித்தேன். ஹேங்கரில் இரண்டு கைகள். ஒரு கொலர். கைகளுக்கு நடுவே, கோட்டின் உடம்பு இருக்கவேண்டிய இடத்தில், மடித்துத் தொங்கவிட்ட பதினொரு சேலைகள்.

"எப்ப வெட்டின?"

"வைகாசியில."

"அடியே, பந்தயம் கட்டினது போன கிழமைதானே!"

"வெட்டின பிறகுதானே உங்கட சம்மதம் தேவைப்படுது."

"நான் ஒவ்வொரு நாளும் பாத்தனே!"

"நீங்க பஸ்ஸையும் அப்பிடித்தான் பாக்கிறீங்க. நம்பர் பலகை போனாக் காணும். உள்ளுக்கு ஆள் இருக்கா இல்லையா எண்டு பாக்கிறல்ல. கையில்லாச் சட்டை எண்டபடியா கை மிச்சம். அதுதான் உங்களுக்கு விட்டு வச்சன்."

நான் தொங்கிய கையின் பொத்தான்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அவள் கிட்ட வந்து, கொஞ்சம் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"கோவிக்காதீங்க. அண்டைக்கு அது என்னக் காப்பாத்தினதுதான். நான் மறக்கயில்ல. ஆனா அது ஒரு ஆளப் போத்த வந்த சாமான். அலுமாரியப் போத்த இல்ல. இண்டைக்கு அது நடந்து வந்ததப் பாத்து நீங்கதானே முதல்ல எழும்பி நிண்டீங்க?"

உண்மைதான். அந்தச் சட்டை வடிவாகத்தான் இருந்தது. பனடோல் கட்சியிலிருந்து அவள் என் கட்சிக்கு வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசமும்கூட. ஆனாலும் டைம் கீப்பர் லேசில் விடுவானா? கணக்கில் ஓர் இடம் இடித்தது.

"கொஞ்சம் பொறு. கை இஞ்ச. கொலர் இஞ்ச. முன்பக்கம் டீச்சரிட சட்டையில. அவ்வளவு பெரிய கோட்டு! அதிட முதுகும் வாலும் எங்க புள்ள?"

வதனி என் கக்கத்தில் இருந்த குஷனைப் பார்த்தாள்.

"மூண்டு நாளும் எதுல குந்திக்கிட்டுப் பெஷன் பாத்தீங்க?"