மாமாவின் கதிரைக்குக் கிளிப்பச்சை

உக்குவளை இத்ரூஸ் ஒரு மனுசனை மன்னிப்பதென்றால் மூன்று தரம் யோசிப்பார். மனைவியின் அண்ணனான மச்சான் ரவூபைப் பற்றி ஒரு தரமும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னே, இத்ரூசின் கல்யாண விருந்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில், மாப்பிள்ளைக்கென்று வைத்த பொரித்த கோழியின் இரண்டு காலையும் பிய்த்துத் தின்றவன் அந்த ரவூப். கோழி செத்துவிட்டது. கோபம் சாகவில்லை.

அந்த ரவூபிடமிருந்து ஒரு திங்கட்கிழமை கலேவெலயிலிருந்து கடிதம் வந்தது. இத்ரூசுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் வாசிக்க வராது. வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் மனைவி ஜெஸீமாதான் வாசித்துச் சொல்வாள்.

"ரவூப் நானா வெள்ளிக்கிழமை வாறாராம். வாப்பாட சாய்மனைக் கதிரையக் கொண்டு போகப் போறாராம்."

இத்ரூஸ் துள்ளி எழுந்தார். அதே கதிரையிலிருந்துதான்.

வீடு ஜெஸீமாவின் சீதனம். கட்டில் அவள் வாப்பா, அதாவது இவருடைய மாமா, கொடுத்தது. அலுமாரி அவள் உம்மா கொடுத்தது. மாமா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்தத் தேக்குக் கதிரை ஒன்றுதான் இத்ரூசின் முதுகுக்கு வாய்த்தது. அதுவும் போனால் வாசற்படியில்தான் குந்த வேண்டும்.

"கோழிக்கால் பத்தாதாமா அவனுக்கு? கதிரைக்காலும் வேணுமாமா?"

"வாப்பாட சாமான். மகன் கேட்டா நான் எப்பிடி இல்லேங்கிற? பாக்க நல்லா ஈக்கிறதாலதானே ஆசப்படுறார்."

அந்த ஒரு வார்த்தையில் இத்ரூசின் மூளை விழித்தது. பார்க்கச் சகிக்காமல் ஆக்கிவிட்டால்?

"ஜெஸீமா! அந்தப் பெயின்ட் டின்னெல்லாம் எங்க?"

கட்டிலுக்கடியில்தான் இருந்தன. வீட்டுச் சாமான்களுக்கு நிறம் பூச வேண்டுமென்று போன ரமழானிலிருந்து அவள் கெஞ்சியதும், தேக்குக்குப் பெயின்ட் அடிக்கிறவன் பைத்தியக்காரன் என்று இவர் சத்தம் போட்டதும் தெருவுக்கே தெரியும்.

இப்போது பைத்தியம் இவருக்கே பிடித்தது. கால்களுக்குச் சிவப்பு. நீண்ட கைகளுக்குக் கிளிப்பச்சை, அதன்மேல் மஞ்சள் பொட்டு. கிழிந்த பிரம்பின் மேல், ஜெஸீமா பத்திரமாக வைத்திருந்த சீத்தைத் துணி. ஒவ்வொரு பூவும் பூசணிக்காய் அளவு. தலை சாய்க்கும் பலகையில் மயில் வரைந்தார். அது கோழியாக வந்தது. இரண்டு காலையும் பெரிதாகவே போட்டுவிட்டார்.

"ஐயோ, வாப்பாட கதிரை!" ஜெஸீமா முந்தானையால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது.

"அழாத புள்ள. எல்லாம் நன்மைக்குத்தான்."

"அந்த மூலையில பச்ச பத்தல்ல," என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "இன்னொரு கை பூசுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரவூப் வந்தான், தோளில் செத்தல் மிளகாய் மூட்டையோடு. கதிரையைப் பார்த்தான். அமர்ந்தான். பச்சைக் கைகளைத் தடவினான்.

"மாஷா அல்லாஹ்! என்னா சோக்கு! யாரு மச்சான் செஞ்ச?"

இத்ரூஸ் கதிரையின் சிவப்புக் காலொன்றைப் பிடித்துக்கொண்டார். போச்சு. கெடுக்கப் போய் அழகாக்கித் தொலைத்துவிட்டார்.

"நான்தான். அதுக்காக நீங்க இதக் கொண்டு போறதெண்டா..."

"எங்க கொண்டு போற?"

"கலேவெலக்கு! நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"மிளகாய் கொண்டாறேன் எண்டுதான் எழுதினேன். எங்கட ஊட்டுல ஆளு நிக்கவே இடமில்ல, கதிரைய எங்க வைக்கிற? பஸ்ஸில ஏத்தவும் உடமாட்டான்."

இத்ரூசின் நெஞ்சிலிருந்து ஒரு கருங்கல் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்! கதிரை தப்பியது. அந்த நிம்மதியில் ரவூபின் கோழிக்கால் இரண்டில் ஒன்றை அங்கேயே மன்னித்தார்.

மச்சானை பஸ் ஏற்றிவிட்டு வந்து, பூசணிப் பூக்களின் மேல் சுகமாகச் சாய்ந்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"ஜெஸீமா! அப்ப அந்தக் கடிதத்தில..."

அவள் அலுமாரியில் சாய்ந்து நின்றாள். ஒரு கையில் மடித்த கடிதம். மறு கையில் பிரஷ்.

"இன்னொரு கடிதமும் வந்தீக்கி. உம்மாட அலுமாரிய ஆரோ கேக்கிறாங்களாம். வாசிக்கட்டா?"

இத்ரூஸ் கடிதத்தைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார்.

"வாசிக்க வேணாம். என்ன நிறம் எண்டு மட்டும் சொல்லு."