கூடாரத்துக்குள் வெள்ளை மட்டும்

பட்டதாரி கூடாரத்தின் ஜிப்பை மறுபடியும் திறந்தாள். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அம்மா நிறுத்திவிட்டாள்.

"உன்னைத் தொட்டில்ல போட்டப்பகூட நான் இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்லடி."

"அதான் நான் இப்படி இருக்கேன்."

"ஏதாவது தெரியுதா?"

"வைக்கோல் தெரியுது."

கூடாரம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அலமாரி உயரத்துக்குக் கம்பி நிறுத்தி, கனத்த பிளாஸ்டிக் துணி போர்த்தி, முன்பக்கம் ஜிப் வைத்த ஒரு கூண்டு. உள்ளே, வேகவைத்த வைக்கோலும் சிப்பிக் காளான் விதையும் அடைத்த பைகள் வரிசையாகத் தொங்கின. பைகளுக்குள் வெள்ளை நூல் பஞ்சுபோல் ஓடி நிறைந்துவிட்டது. பிளேடால் கீறலும் போட்டாயிற்று. கீறல் வழியே காளான் எட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அது எட்டிப் பார்க்காததால் இவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வம்சத்துலயே மொத பட்டதாரி," என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "வைக்கோலை வேகவெச்சுக் கட்டித் தொங்கவிடுறா. மாடுகூடப் பச்சையாத்தான் திங்குது."

"படிச்சதாலதான் வேகவெச்சேன். படிக்காதவன் பச்சையாப் போட்டிருப்பான்."

"படிச்சவளுக்கும் முளைக்கலையே?"

பட்டதாரி ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிய கையோடு மறுபடி திறந்து பார்த்தாள்.

அவள் வேலையை விட்ட கதை ஒரு கோப்பைத் தேநீரில் முடிந்துவிடும். அலுவலகத்துக்கு வந்த விருந்தாளி மேசையில் தேநீரைக் கொட்டினார். மேலாளர், அறையிலிருந்த அத்தனை பேரையும் தாண்டி அவளைக் கூப்பிட்டார். "கொஞ்சம் துடைச்சிடு. உங்க அப்பா ஆஸ்பத்திரியில துடைக்கிறவர்தானே? உனக்குப் பழக்கம் இருக்கும்."

அவள் மீதித் தேநீரை எடுத்து அவருடைய விசைப்பலகையில் பொறுமையாக ஊற்றினாள். "இதை நீங்க துடைங்க, பழகிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேலாளர் பெரிய மனது பண்ணி ஒரு வழி விட்டிருந்தார். அடுத்த மாத முதல் திங்கட்கிழமைக்குள் அலுவலகத்தில் எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்பினால் அவள் திரும்ப வரலாம். அனுப்புவதற்குப் பதிலாக அவள் கூடாரம் வாங்கினாள். வீட்டில் "அவனோட சண்டை, அவன் கம்ப்யூட்டர்ல டீயை ஊத்திட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பாவைப் பற்றி அவன் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

அதே திங்கட்கிழமைக்கு ஒரு ஹோட்டல் சமையல்காரர் ஒரு கூடை காளான் கேட்டிருந்தார். நன்றாக இருந்தால் வாராவாரம் அவரே எடுத்துக்கொள்வார். கூடை நிரம்பினால் மேலாளர் ஆயுள் முழுக்கக் காத்திருக்கலாம். நிரம்பாவிட்டால் மன்னிப்பு.

பை கட்டித் தொங்கவிட்ட அன்றைக்கே வீட்டாரை உட்கார வைத்து அவள் பாடம் நடத்தியிருந்தாள்.

"உள்ள வெள்ளையா இருக்கிறது நம்ம ஆளு. பச்சை, கருப்பு, சாம்பல்னு வேற எந்த நிறத்துல எது தெரிஞ்சாலும் அது கிருமி. ஒரு பொட்டு விட்டாலும் மொத்தமும் குப்பைக்குப் போயிரும். சுத்தம் முக்கியம். புரிஞ்சுதா?"

அம்மா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா மட்டும் வார்டு மேற்பார்வையாளர் முன்னால் உட்காருவது போல் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"ஸ்பிரிட்டா, சோப்புத் தண்ணியாம்மா?"

"ரெண்டும் நல்லதுதான்ப்பா."

சந்தேகம் கேட்க ஒரு ஆளாவது இருந்ததில் அவளுக்குத் திருப்தி. மூன்று பேரில் கை கழுவாமல் கூடாரத்துப் பக்கம் வராதவரும் அவர் ஒருவர்தான்.

அவள் சமையல்காரருக்குப் போன் போட்டாள்.

"மொட்டு வந்துச்சா தங்கச்சி?" பின்னால் பாத்திரங்கள் உருண்டன. "குண்டூசித் தலை மாதிரி வரும். வந்துட்டா அப்புறம் கண்ணு முன்னாலயே வளரும்."

"ஒண்ணுமே வரல அண்ணே."

"ஈரம் பத்தாது."

புகைபோல் ஈரம் கக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து கூடாரத்துக்குள் வைத்தாள். அது உற்சாகமாகக் கக்கியது. கூடாரத்துக்கு வெளியிலும் கக்கியது. பட்டதாரியின் கூடாரம் அண்ணனின் அறையில் இருந்தது, அண்ணனின் துணிகளும் அதே அறையில் இருந்தன. அவன் ஹாலில் படுத்துக்கொண்டு ஏற்கெனவே தியாகி வேடம் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பெண் பார்க்கப் போவதற்காக எடுத்து வைத்த சட்டையை விரித்தபோது வேடம் கலைந்தது.

"ஏய் பட்டதாரி! இங்க வா. வாழ்த்துகள்."

"என்ன?"

"விளைஞ்சிருச்சு. காலர்ல."

சட்டையின் காலரைச் சுற்றிப் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. கைமடிப்பில் இன்னும் செழிப்பாக.

"இதை அறுவடை பண்ணி அந்த ஹோட்டல்காரருக்குக் குடு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் பனியனோட காட்சி தர்றேன்."

"ஈரம் அதிகமாயிருச்சு," என்றாள் அவள். சட்டையை அவள் பார்க்கக்கூட இல்லை. "காத்து வேணும்."

கத்தரிக்கோலை எடுத்துக் கூடாரத்தின் இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தாள். காற்று உள்ளே போனது. போன வழியில் கொசுவைவிடப் பொடியான ஈக்களும் போயின. வைக்கோல் வாசனையில் அவை குடும்பம் நடத்திப் பெருகி, வீடு முழுக்கப் பரவின. அம்மாவின் கோப்பையில் மூன்று மிதந்தன.

"காளான் வரும்னு சொன்ன. ஈ வந்திருக்கு," என்றாள் அம்மா.

"வடிகட்டிக் குடி."

"உன் மேலாளர்கிட்ட இப்படிப் பேசித்தானே வேலை போச்சு?"

"போகல. நான் விட்டேன்."

"விட்டதையாவது உருப்படியா விட்டியா? தேத்தண்ணியோட சேத்துல்ல விட்ட!"

ஞாயிறுக்கு முன்னால் ஒரு கடைசி வழி இருந்தது. குளிர்ச்சி, ஈரம், ஈ வராத இடம். வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. அண்ணனின் உதவியோடு, அதாவது அவன் திட்டிக்கொண்டே ஒரு பக்கம் பிடிக்க, கூடாரத்தைக் குளியலறைக்குக் கடத்தினாள். அது உள்ளே நின்றபின் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வாளியும், வாளிக்குள் ஒரு காலும் வைக்கலாம்.

"நான் எங்க குளிக்கிறது?" என்றான் அண்ணன்.

"நீ குளிச்சு மட்டும் என்ன ஆகப்போகுது? சட்டை இல்லையே."

அண்ணன் நண்பன் வீட்டுக்குத் துண்டோடு போனான். அம்மா சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளித்தாள், குளித்த நேரமெல்லாம் சாபம் விட்டாள். அப்பாவுக்கு மட்டும் அந்த இடம் போதுமாக இருந்தது. விடிவதற்குள் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர், கூடாரத்தோடு ஒட்டி நின்று குளித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

"அவரைப் பாத்துக் கத்துக்கோங்க," என்றாள் பட்டதாரி.

"கத்துக்கலாம். அதுக்கு முன்னாடி நீ அவர் எழுந்திரிக்கிற நேரத்துக்கு எழுந்திரி. நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள சூரியனே ரெண்டு தடவை டீ குடிச்சிடுது."

அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஜிப்பைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். வைக்கோல் வாசனையைத் தாண்டி ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஆணியில் அப்பாவின் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான். எப்படியும் கெட்ட வாடை இல்லை. கெட்டுப்போகவில்லை. பச்சை இல்லை, கருப்பு இல்லை. நூல் வெள்ளை வெளேர் என்றிருக்கிறது. கீறல்கள் கழுவி வைத்த தட்டுப்போல் சுத்தமாக இருக்கின்றன. பிறகு என்ன கேடு?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பொறுமையின் கடைசி நூலும் அறுந்தது.

"உண்மையைச் சொல்லும்மா. நான் இல்லாதப்போ ஜிப்பைத் திறந்தியா?"

"உன் கூடாரத்தை நான் ஏன்டி தொடுறேன்?"

"உனக்கு நான் திரும்ப அங்க போய்க் கும்பிடணும். அதான?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு நீ கும்பிட வேணாம். நீ தோத்துட்டு மூலையில உக்காராம இருந்தா போதும். நேத்து அந்த ஹோட்டல் கடையைத் தேடிப் போய், 'என் பொண்ணு கொண்டு வருவா, கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு வந்தவ நான். போ, வேற யாரையாவது சந்தேகப்படு."

வேறு யாரும் இல்லை. சமையல்காரருக்குக் கடைசியாக ஒரு போன். நாளைக்குக் கூடை வராது என்றாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"வெள்ளை நல்லா ஓடியிருந்தா மொட்டு வராம இருக்காதே தங்கச்சி. சரி விடு, உன் கைக்கு ராசி இல்ல போல."

பட்டதாரி குளியலறைக்குள் போய் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். போனை எடுத்துத் தட்டினாள். *மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு.* 'மதிப்பிற்குரிய'வை அழித்தாள். மறுபடி தட்டினாள். *என் செயலுக்கு அனைவர் முன்னிலையிலும்.* மன்னிப்பு என்ற சொல்லைத் தட்டும்போது பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. நாளைக்கு மறுபடியும் யாராவது மேசையில் தேநீர் கொட்டுவார்கள். அவள் துடைப்பாள். அந்த மேலாளர் அவள் அப்பாவின் பேரைச் சொல்லிச் சிரிப்பான். அதையும் கேட்டுக்கொண்டு துடைப்பாள்.

அனுப்பு என்ற பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது.

கதவு திறந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, முழங்கை வரை கையைக் கழுவி, வழக்கம்போல் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு நின்றார். மகள் முகத்தைப் பார்த்தார். தொங்கிய பைகளைப் பார்த்தார். துணியைக் கீழே இறக்கிவிட்டு, வார்டில் நோயாளிகளிடம் பேசுகிற மெல்லிய குரலில் சொன்னார்.

"மனசை விடாதம்மா, நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல, நீ சொன்ன மாதிரியே, அந்தக் கீறல்ல எல்லாம் தினமும் சாம்பல் நிறத்துல குண்டூசித் தலையாட்டம் கிளம்பிக் கிளம்பி வருதே, அந்தக் கிருமியை ஒரு பொட்டு விடாம ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டுத்தான் நான் வேலைக்கே கிளம்புறேன்."